தொந்தரவில்லாத செடி

அவர் வேலைக்குப் போகிற வீடுகளில் அவருக்குப் ‘பரவாயில்லை’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் ஏஜென்சிக்கு போன் போட்டு, “அந்தப் பரவாயில்லை அண்ணனையே அனுப்புங்க” என்று கேட்டு வாங்குகிற வீடுகள் நிறைய உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புரட்டிப் படுக்க வைப்பார், உடம்பு துடைப்பார், முதுகில் புண் வராமல் பவுடர் போடுவார், கரண்டியால் ஊட்டுவார். வெளியூரிலிருந்து மகனோ மகளோ போன் செய்து, “அப்பா எப்படி இருக்கார்?” என்று கேட்டால், படுத்திருப்பவர் எந்த நிலையில் இருந்தாலும் இவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான். “பரவாயில்லைங்க. நல்லா இருக்கார்.”

இதைப் பொய் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார். பொய் சொல்லி அவர் என்ன சுகத்தைக் கண்டார்? தூரத்தில் இருக்கிறவன் வயிற்றில் எதற்குப் புளியைக் கரைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சியில் அவர் வீட்டிலேயே ஒருத்தி சேரவில்லை. அவருடைய ஒரே மகள்.

மகளுக்குச் சின்ன வயதில் ஒரு தங்கமீன் வாங்கிக் கொடுத்திருந்தார். அது கொஞ்ச நாளிலேயே மல்லாந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு அவள் வருவதற்குள் இவர் ஓடிப்போய் அதே அளவில் இன்னொன்றை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டார். அதுவும் போனது, இன்னொன்று வந்தது. இப்படியே ஒரு மீன் வருஷக்கணக்கில் சாகாமல் வாழ்ந்தது. என் மீனுக்கு ஆயுசு கெட்டி என்று அவள் வகுப்பெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த மீனின் வாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. “இது என்னப்பா?” என்று கேட்டாள். “வயசானா மச்சம் வரும்மா” என்றார். சத்தியமும் பண்ணினார். “சரிப்பா” என்றாள். அன்றைக்கு அவள் மீனையும் பார்க்கவில்லை, சாப்பிடவும் இல்லை.

அந்தக் கண் பிற்பாடு பிழைப்புக்கு உதவியது. தூரத்து ஊரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. சூளையிலிருந்து வரும் ஓடுகளை விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே நிறமா, ஒரு மயிரிழை வித்தியாசமா என்று பிரிக்க வேண்டும். நமக்கெல்லாம் வெள்ளையாகத் தெரிகிற இரண்டு ஓடுகளில் ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். அவள் கண்ணை ஏமாற்ற முடியாது என்று அங்கே பேச்சு.

அவள் அங்கே இருந்தபோதுதான் அம்மா நோயில் படுத்தாள். ஒரு விடுமுறைக்கு வந்தவள் அம்மாவின் தலைமாட்டில் ஒரு சின்னச் செடியை வைத்துவிட்டுப் போனாள். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கி, தட்டையாக, சாம்பல் பூத்த நீல நிறத்தில் இருந்தது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ஓட்டுத் துண்டுகளை ஒட்டி அவளே செய்த சதுரத் தொட்டி. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். மகள் ஒவ்வொரு முறை போன் செய்து கேட்டபோதும் இவர், “பரவாயில்லைம்மா, இன்னிக்கு நல்லா சாப்பிட்டா” என்றார். கடைசி வாரமும் அதையேதான் சொன்னார். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அவரோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. வேலைக்குத் திரும்பும்போது செடியை மட்டும் காட்டிச் சொன்னாள்.

“என் ஹாஸ்டல் ரூம்ல ஜன்னல் கிடையாது. தனி ரூம் கிடைச்சதும் வந்து எடுத்துக்கிறேன். இது ரொம்பத் தொந்தரவில்லாத செடிப்பா. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். வேற ஒண்ணும் பண்ண வேணாம்.”

“வேற ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

சொன்னது அவர் காதில் ஏறியது, மண்டையில் ஏறவில்லை. உயிருள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. ஆனால் மற்ற நாட்களில் கை சும்மா இருக்குமா? ஜன்னலில் வெயில் அடிக்கிறதே, சூடு பிடித்துவிடுமே என்று செடியை உள்ளறை அலமாரிக்கு மாற்றினார். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, பத்திரம். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு இலையாகத் தாங்கிப் பிடித்துத் துடைத்தார். இலைமேல் வெள்ளையாகப் படிந்திருந்தது துணியில் வந்தது. அட, எவ்வளவு தூசி! துடைத்த இடம் பளபளவென்று பச்சையாகத் தெரிந்தபோது, குளிப்பாட்டிவிட்ட நோயாளியைப் பார்த்த நிறைவு அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டாள். “செடி எப்படி இருக்கு?” என்பாள். “பரவாயில்லைம்மா, நல்லா இருக்கு” என்பார். “சரி” என்று வைத்துவிடுவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். அந்தச் செடியும் போய்விட்டால் அவள் எதற்குப் போன் செய்வாள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வார். அதனால் இன்னொரு தடவை துடைப்பார்.

ஒரு ஞாயிறு அவள், “வீடியோவுல காட்டுங்க” என்றாள். இவர் பெருமையாகச் செடியைத் தூக்கி போனுக்கு முன்னால் பிடித்தார்.

“இது என்ன?”

“உன் செடிதாம்மா.”

“என் செடி நீலமா இருக்கும். இது பச்சை. என்னோடது தட்டையா இருக்கும். இது கழுத்தை நீட்டிக்கிட்டு எட்டிப் பாக்குது.”

“வளந்துடுச்சும்மா.”

“நிறமும் வளருமா?” அவள் குரல் இறங்கியது. “அப்பா, செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். மாத்தி மட்டும் வைக்காதீங்க. அது அம்மா பாத்துக்கிட்டிருந்த செடி.”

“சத்தியமா மாத்தலம்மா!”

“மீனுக்கும் சத்தியம் பண்ணீங்க.”

அடுத்த மாதம் தனி அறை கிடைக்கிறது, வந்து எடுத்துக்கொள்கிறேன், “அது இருந்தா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறார். பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தார். அம்மாவின் தலைமாட்டில் செடி நீலப் பூவாக உட்கார்ந்திருந்தது. அலமாரியைப் பார்த்தார். பச்சைக் குச்சியாக நின்றது. தினமும் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்கு வித்தியாசம் தெரியவேயில்லை. இப்போது தெரிந்தது, தெரிந்ததும் பயமாகவும் இருந்தது. நிஜமாகவே இது வேறு செடிதானோ? பூட்டிய வீட்டுக்குள் யாராவது வந்து மாற்றி வைத்துவிட்டுப் போனார்களோ? பணத்தை விட்டுவிட்டு, டிவியை விட்டுவிட்டு, செடியை மாற்றுகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? தொட்டி அதே தொட்டி. மூலையில் ஒட்டுப் பசை வழிந்த இடமும் அப்படியே இருந்தது. கதவுப் பூட்டை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மறுநாள் அவரிடம் பழைய போட்டோவையும் புதிதாக எடுத்த படத்தையும் காட்டினார்.

“சார், ரெண்டும் ஒரே செடிதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார், அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார். “வேற வேற. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? எங்கே வாங்கினே?”

“நான் வாங்கவே இல்ல சார்!”

“எல்லாப் பயலும் அதான் சொல்வான், ‘நான் இப்பதான் ஏறினேன்’னு.”

இவர் ஈரத்துணியை எடுத்துப் பரிசோதகரின் கையைத் துடைக்கப் போனார். பரிசோதகர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“காலையில துடைச்சாச்சு, சாப்பிட்டதும் துடைச்சாச்சு, இப்ப எதுக்குய்யா? உன் கை பட்டுப் பட்டே என் தோல் தேஞ்சுடும் போல இருக்கு. சித்த நேரம் என்னைச் சும்மா விடேன்.”

“பரவாயில்லை சார், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.”

“உனக்கு இல்ல சரி. எனக்குப் பரவாயில்லையான்னு என்னைக் கேட்டியா?”

கேட்டதில்லைதான். துணியை மடித்து வாளி விளிம்பில் போட்டார். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி, விடாமல் துரத்துகிற விற்பனைக்காரன் மாதிரி, அவர் கூடவே வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு நர்சரி உண்டு. பச்சை வலைக்குக் கீழே தொட்டி தொட்டியாக அடுக்கியிருப்பார்கள். இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, அன்றைக்கு நுழைந்தார். ஒரு பலகை முழுக்க அந்தச் செடிதான், மகளுடையதைப் போலவே நீலமாக, தட்டையாக. ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூசி! அவர் கை அவரைக் கேட்காமலே பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தது. ஒரு இலையைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தது.

“ஐயா! ஐயா! கையை எடுங்க!”

நர்சரி அம்மா மண் கையோடு ஓடி வந்தாள். “எழுதிப் போட்டிருக்கு பாருங்க, தொடாதீங்கன்னு. பாத்தீங்களா என்ன பண்ணிட்டீங்க?”

பார்த்தார். துடைத்த இடத்தில் நீலம் போய், பளபளவென்று பச்சை தெரிந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த பச்சை.

“தூசி இருந்துச்சேன்னு...”

“தூசி இல்லய்யா அது. வெயில் சுடாம இருக்க அதுவே மேல பூசிக்கிற மாவு. துடைச்சா அந்த இலைக்குத் திரும்ப வராது.”

“தினமும் துடைச்சா?”

“தினமும் எவன் துடைப்பான்?”

அவர், செடிக்குக் கழுத்து நீண்டால் என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டார். வெளிச்சம் போதாமல் வெளிச்சத்தைத் தேடுகிறது என்றாள். புது இலை வரும்போது மாவோடுதான் வரும், கையை வைக்காமல் இருந்தால் போதும் என்றாள். கெடுத்த செடியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று காசை வாங்கிக்கொண்டு, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியோடு அவர் கையில் கொடுத்தும் விட்டாள்.

வீட்டுக்கு வந்த கையோடு மகளுக்குப் போன் போட்டார். ஞாயிறு இல்லாத நாளில் அப்பா போன் செய்ததும் அவள் பதறிப்போனாள். இவர் மூச்சுவிடாமல் சொன்னார். அது தூசி இல்லையாம், மாவாம், தினமும் துடைத்துத் துடைத்து நிறம் போய்விட்டதாம், இருட்டில் வைத்ததால் கழுத்து நீண்டுவிட்டதாம்.

“சரிப்பா” என்றாள் அவள்.

அந்தச் ‘சரிப்பா’ அவருக்குப் பழக்கமானது. வயசானா மச்சம் வரும் என்று சொன்னபோது கேட்ட அதே ‘சரிப்பா’. பொய்யும் உண்மையும் அவர் வாயிலிருந்து ஒரே மாதிரிதான் வருகிறதா? அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதார். அழுகிற மனிதனைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அவரே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அப்புறம் இரண்டு செடிகளையும் ஜன்னலில் வைத்தார். வெளிச்சம் படும்படி விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலையை அவர் அதுவரை செய்ததில்லை. துடைக்கிற துணியை எடுத்து ஒளித்து வைத்தார், ஒளித்த இடம் அவருக்கே தெரியும் என்பதால் அதனால் பிரயோஜனம் இல்லை. கை அரித்தால் பாத்திரத்தைத் துடைத்தார், கதவைத் துடைத்தார், ஒருநாள் தெருவில் நின்ற யாருடைய சைக்கிளையோ துடைத்துவிட்டு அவனிடம் திட்டு வாங்கினார். செடியைத் தொடவில்லை.

பச்சைக் குச்சியின் உச்சியில் குட்டி இலைகள் விட ஆரம்பித்தன. அவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. மகளின் கண் அவருக்குக் கிடையாதே.

மகள் வருகிற நாளும் வந்தது. அன்று காலையில்தான் அந்தப் பாழாய்ப்போன யோசனை அவருக்கு உதித்தது. உண்மையைக் காட்டினால் நம்பமாட்டாள். கடையில் வாங்கியதைக் காட்டினால் பார்த்த மாத்திரத்தில் நம்புவாள். அவளுக்கும் சந்தோஷம், இவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போன் மிஞ்சும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஆளை அலுங்காமல் மாற்றிப் பழகிய கை அது. கடைச் செடியை வேரோடு எடுத்து ஓட்டுத் தொட்டியில் உட்கார வைத்தார். குச்சிச் செடியைக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, சமையலறை மேடையில் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினார். ஓட்டுத் தொட்டியை மேஜையில் வைத்து, கடைச் செடியின் துடைத்த இலை சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பியும் வைத்தார்.

அவள் உள்ளே வந்து பையைக்கூட இறக்கவில்லை. மேஜையைப் பார்த்தாள்.

“அட!” என்றாள். “அப்பா, இது... இதுதானே என் செடி! நல்லா இருக்கே! அன்னிக்கு வீடியோவுல வெளிச்சம் சரியில்லையா?”

சிரித்தாள். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை அவர் பார்க்கவில்லை. மூக்கைச் சுருக்கி, அப்படியே அவளுடைய அம்மா. ஓடுகளைப் பிரிக்கிற கண் உள்ளவள் குனிந்து, தொட்டியின் மூலையில் தான் ஒட்டிய பசையைத் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். “நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்பா. மன்னிச்சுக்கோங்க.”

இவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சும்மா இருக்கத்தான் ஒரு மாதமாகப் பழகியிருக்கிறாரே! ஆனால் அந்த ‘மன்னிச்சுக்கோங்க’வை வாங்கி வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

“அது இல்லம்மா” என்றார்.

“எது?”

“அது உன் செடி இல்ல. கடையில வாங்கினது. உன்னோடது அடுப்படியில இருக்கு.”

போய் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அவள் குச்சியைப் பார்த்தாள், கறுப்பு பிளாஸ்டிக்கைப் பார்த்தாள், தன் தொட்டியைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போய் ஒன்றும் புரியாத பார்வை வந்தது.

“கடையில வாங்கினது என் தொட்டியில இருக்கு. என்னோடது கடைத் தொட்டியில இருக்கு. அப்படியா?”

“ஆமா.”

“எப்படி வந்துச்சு?”

“நான்தான் இன்னிக்குக் காலையில மாத்தினேன்.”

“எதுக்கு?”

“நீ நம்பணும்னு.”

“எதை நம்பணும்னு?”

“நான் மாத்தலைங்கறதை” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் நீலச் செடியின் இலையொன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். பச்சை தெரிந்தது. இரண்டு தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில், தேய்த்த இலையைக் குச்சிச் செடியின் இலையோடு பக்கத்தில் வைத்தாள், தொழிற்சாலையில் ஓடுகளை வைப்பது போல. அப்புறம் குச்சியின் உச்சியைச் சாய்த்து, யார் கையும் படாத குட்டி இலைகளைப் பார்த்தாள். போனில் இருந்த பழைய போட்டோவை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள்.

“ஒரே நிறம்” என்றாள்.

“உச்சியில நீலமா இருக்காம்மா?”

“இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?”

“எனக்கு எல்லாம் ஒண்ணாதான் தெரியுது.”

“தினமும் துடைச்சீங்களா?”

“தினமும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. போட்டோவில் செடிக்குப் பின்னால் அம்மாவின் கை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் பக்கமே திரும்பி நின்றபடி கேட்டாள்.

“அப்பா, அம்மாவுக்குக் கடைசி வாரம் எப்படி இருந்துச்சு?”

அவர் வாய் தானாகத் திறந்தது. பல வருஷமாக எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேரிடம் சொன்ன அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

“நல்லா இல்லம்மா” என்றார். “ரொம்ப வலிச்சுது. உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா.”

அவள் தோள் குலுங்கியது. ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துவிடத்தான் அவர் கை நீண்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவளாகக் கேட்கட்டும் என்று நின்றார்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முழுசாச் சொல்லுங்க” என்றாள்.